நட்சத்திரம் வரைந்த ஜீப்: இந்தியாவில் போர்க்கால வண்டிகளும் பொய்ப் புதுப்பிப்புகளும்

சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய ஊழல் குற்றச்சாட்டு, பழைய வண்டிகளை வாங்கியதில் எழுந்தது. 1948-இல் காஷ்மீரில் போர் நடந்துகொண்டிருந்தபோது இந்தியப் படைக்கு ஜீப்புகள் அவசரமாகத் தேவைப்பட்டன. லண்டனில் இந்திய உயர் ஆணையராக இருந்த வி. கே. கிருஷ்ண மேனன், வழக்கமான கொள்முதல் நடைமுறைகளுக்குப் புறம்பாக, ஒரு வெளிநாட்டு நிறுவனத்தோடு ஏறத்தாழ 80 லட்சம் ரூபாய்க்கு ஒப்பந்தம் செய்தார். அந்த ஒப்பந்தம் புது வண்டிகளுக்கானது அன்று. ஓடித் தேய்ந்து, பின்னர் செப்பனிடப்பட்டவற்றுக்கானது. தொகையின் பெரும்பகுதி முன்னதாகவே கொடுக்கப்பட்டது. இந்தியா வந்து சேர்ந்தவையோ 155 வண்டிகள்தாம். அவையும் பயன்படுத்தத் தக்க நிலையில் இல்லை என்று படைத்துறை அவற்றை ஏற்க மறுத்தது. அனந்தசயனம் ஐயங்கார் தலைமையிலான குழு விசாரித்தது. ஆயினும் 1955 செப்டம்பர் 30 அன்று உள்துறை அமைச்சர் கோவிந்த வல்லப பந்த், அரசைப் பொறுத்தவரை இவ்விவகாரம் முடிந்துவிட்டது என்று அறிவித்தார். 1956 பிப்ரவரியில் மேனன் மத்திய அமைச்சரவையில் இடம்பெற்றார்.

இந்நிகழ்வு அரசியல் வரலாற்று நூல்களில் நடைமுறை மீறலாகவும் பொறுப்பேற்பின் தோல்வியாகவும் பேசப்படுகிறது. அது சரியே. ஆனால் இதற்குள் இன்னொரு கேள்வியும் புதைந்திருக்கிறது. செப்பனிடப்பட்டது என்று சொல்லப்படும் ஒரு வண்டி உண்மையிலேயே செப்பனிடப்பட்டதா, அன்றி வண்ணம் மட்டும் பூசப்பட்டதா என்பதை வாங்குபவர் எவ்வாறு அறிவது? அன்று படைவீரனின் உயிரோடு தொடர்புடையதாக இருந்த இக்கேள்வி, இன்று பழைய ஜீப்புகளைச் சேகரிப்போரின் சந்தையில் வேறு வடிவில் தொடர்கிறது. ஒரு வண்டியின் பழமையை நிறுவுவது எது, அதைப் பொய்யாக்குவது எது என்று ஆராய்வது இந்தியத் தொழில்நுட்ப வரலாற்றின் ஒரு பகுதியாகவே கொள்ளத்தக்கது.

ஜீப்பின் பிறப்பே அவசரத்தின் விளைவு. 1940 கோடையில் அமெரிக்கப் படைத்துறை 135 நிறுவனங்களிடம் ஒரு சிறிய நாற்சக்கர இயக்க வண்டிக்கான திட்டத்தைக் கோரியது. முதல் மாதிரியைத் தருவதற்கு 49 நாள்களே அளித்தது. அமெரிக்கன் பேண்டம் என்னும் சிறு நிறுவனம், கார்ல் புரோப்ஸ்ட் என்னும் பொறியாளரின் வடிவமைப்பைக் கொண்டு, அவ்வாண்டு செப்டம்பர் 23 அன்று மாதிரி வண்டியை ஒப்படைத்தது. ஆனால் பேரளவு உற்பத்தி அந்நிறுவனத்துக்குக் கிட்டவில்லை. 60 குதிரைத்திறன் எஞ்சினைக் கொண்ட வில்லிஸ் ஓவர்லேண்ட் நிறுவனம் 1941-இல் ஒப்பந்தத்தைப் பெற்றது. அதன் உற்பத்தி போதாத நிலையில், அதே வடிவமைப்பில் வண்டி செய்யும் பணி ஃபோர்டு நிறுவனத்துக்கும் பகிரப்பட்டது. வில்லிஸ் செய்தது எம்.பி.; ஃபோர்டு செய்தது ஜி.பி.டபிள்யூ. போர் முடிவதற்குள் இரண்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் உருவாயின.

ஃபோர்டு இட்ட பெயரில் 'ஜி' அரசைக் குறிக்கும்; 'பி' 80 அங்குலச் சக்கர இடைவெளியைக் குறிக்கும்; 'டபிள்யூ' வில்லிஸ் வடிவமைப்பைக் குறிக்கும். 'ஜீப்' என்னும் சொல் இவ்வெழுத்துகளின் விரைவு ஒலிப்பிலிருந்து வந்தது என்பர் சிலர். 1936-இல் பாப்பாய் படக்கதையில் அறிமுகமான யூஜின் தி ஜீப் என்னும் விந்தை விலங்கின் பெயரே வண்டிக்கு ஒட்டிக்கொண்டது என்பர் வேறு சிலர். சொல்லின் பிறப்பு இவ்வாறு ஐயத்துக்குரியதாயினும், அதன் பரவலில் ஐயமில்லை. தமிழ் உட்பட இந்திய மொழிகள் பலவும் இச்சொல்லை மொழிபெயர்க்க முயலாமல் அப்படியே ஏற்றன. பொருள் ஊருக்குள் நுழைந்த வேகத்தில் சொல்லும் நுழைந்தது.

அந்த நுழைவின் முதன்மையான வாயில் வடகிழக்கு இந்தியா. ஜப்பான் பர்மாவைக் கைப்பற்றியபின், சீனத்துக்குத் தரைவழி அமைக்க 1942 டிசம்பரில் அஸ்ஸாமின் லேடோவிலிருந்து சாலைப்பணி தொடங்கியது. 1945 ஜனவரி 12 அன்று லேடோவிலிருந்து புறப்பட்ட முதல் வண்டித்தொடர் பிப்ரவரி 4 அன்று குன்மிங் சென்றடைந்தது. கடந்த தூரம் ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர். 1944-இல் இம்பாலிலும் கோஹிமாவிலும் நடந்த போர்களிலும் ஜீப்புகள் ஓடின. போர் முடிந்ததும் இவற்றைத் திருப்பிக் கொண்டுசெல்வது அமெரிக்காவுக்கு இலாபமாகத் தோன்றவில்லை. 1946 மே மாதம் இரு அரசுகளுக்குமிடையே ஏற்பட்ட உடன்பாட்டின்படி, இந்தியாவில் எஞ்சியிருந்த அமெரிக்கப் போர் உபரிப் பொருள்கள் இந்திய அரசின் கைக்கு வந்தன. 'டிஸ்போசல்' என்ற ஆங்கிலச் சொல் இந்தியச் சந்தைகளில் ஒரு தனிப்பொருளைப் பெற்றது இவ்வாறுதான். கழித்துவிடுதல் என்னும் வினை, மலிவாகக் கிடைக்கும் உறுதியான படைச்சரக்கு என்னும் பெயராயிற்று. மேற்கு வங்கத்தின் பானாகர், தில்லியின் மாயாபுரி போன்ற இடங்கள் பழைய வண்டிகளுக்கும் அவற்றின் உறுப்புகளுக்கும் பெயர்பெற்றன.

இதே காலத்தில் இன்னொரு நீரோட்டமும் தொடங்கியது. 1945-இல் லூதியானாவில் மகிந்திரா சகோதரர்களும் மாலிக் குலாம் முகமதுவும் சேர்ந்து மகிந்திரா அண்டு முகமது என்னும் நிறுவனத்தை நிறுவினர். பிரிவினைக்குப்பின் குலாம் முகமது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சரானார்; 1948-இல் நிறுவனம் மகிந்திரா அண்டு மகிந்திரா எனப் பெயர் மாறியது. பகுதிகளாக இறக்குமதியான வில்லிஸ் வண்டிகளைப் பம்பாயில் பூட்டி விற்ற அந்நிறுவனம், படிப்படியாக உள்நாட்டு உற்பத்திக்கு வந்தது. உயரமான எஞ்சின் மூடியைக் கொண்ட சி.ஜே.3பி என்னும் வகை 1953-இல் அமெரிக்காவில் அறிமுகமாகி 1968 வரை அங்கே உருவானது. இந்தியாவில் அதன் வழிவந்த வண்டிகள் அதற்குப் பின்னும் பல்லாண்டுகள் உருவாயின. காவல்துறை, வனத்துறை, வட்டார வளர்ச்சி அலுவலகம், தேர்தல் பிரசாரம் என்று இந்தியர்களின் நினைவில் பதிந்த ஜீப் பெரும்பாலும் இதுவே.

ஆகவே இந்தியாவில் இரண்டு மரபுகள் அருகருகே வளர்ந்தன. ஒன்று போரிலிருந்து எஞ்சியது, எண்ணிக்கையில் குறைவு. மற்றொன்று அமைதிக்காலத்தில் உருவானது, எண்ணிக்கையில் மிகுதி. சேகரிப்போரின் ஆர்வம் முதலாவதன் விலையை உயர்த்த, இரண்டாவதை முதலாவதாக மாற்றிக் காட்டும் தொழில் தோன்றியது. அமைதிக்கால ஜீப்பின் உடலைச் சீர்செய்து, முகப்பை மாற்றி, பச்சை வண்ணம் தீட்டி, வெள்ளை நட்சத்திரம் வரைந்தால், அறியாதவர் கண்ணுக்கு அது 1943-ஆம் ஆண்டு வண்டி.

அறிந்தவர் கண் முதலில் முகப்புக் கிராதிக்குச் செல்லும். தொடக்ககால வில்லிஸ் வண்டிகளில் இரும்புப் பட்டைகளை வெல்டிங் செய்து கிராதி அமைத்தனர். பின்னர் ஃபோர்டு வடிவமைத்த, ஒரே தகட்டில் அழுத்தி எடுத்த கிராதியை இரு நிறுவனங்களும் பயன்படுத்தின. போர்க்கால வண்டியின் அந்தத் தகட்டுக் கிராதியில் ஒன்பது திறப்புகள். 1945-இல் பொதுமக்களுக்காக வந்த சி.ஜே.2ஏ வண்டியில் ஏழு. போர்க்கால வண்டியின் முகப்பு விளக்குகள் சிறியவை. கிராதிக்குப் பின்னே உள்ளடங்கி நிற்பவை. கீலின்மேல் திருப்பி, இரவில் எஞ்சினைப் பழுதுபார்க்க ஒளி தருமாறு அமைந்தவை. பிந்தையவற்றின் விளக்குகள் பெரியவை, முன்னே புடைத்தவை. போர்க்கால வண்டியின் பின்புறம் மூடிய தகடு. மாற்றுச் சக்கரம் அதன்மேல் தொங்கும். சி.ஜே.2ஏ வண்டிக்குப் பின்புறத்தில் திறக்கும் கதவு உண்டு. முன்னதில் ஓட்டுநரின் இருக்கையைத் தூக்கினால்தான் எரிபொருள் ஊற்ற முடியும்; பின்னதில் ஊற்றும் வாய் உடலின் வெளிப்புறத்தில் இருக்கும்.

கிராதி, விளக்கு, பின்தகடு ஆகிய அனைத்தையும் மாற்ற முடியும். பிலிப்பைன்ஸில் போர் உபரி ஜீப்புகள் 'ஜீப்னி' என்னும் பயணிகள் வண்டிகளாயின. அங்கே வளர்ந்த தகட்டுத் தொழில், போர்க்கால ஜீப்பின் முழு உடலையும் புதிதாகச் செய்து உலகெங்கும் அனுப்புகிறது. ஆகவே உடலைக்கொண்டு காலத்தைக் கணிப்பது பாதி வேலை மட்டுமே. மீதி வேலை சேசிஸ் எனப்படும் அடிச்சட்டத்தில் இருக்கிறது. வில்லிஸ் எம்.பி.யின் முன்பக்கக் குறுக்குச்சட்டம் உருண்டைக் குழாய். ஃபோர்டு வண்டியில் அது சதுர வடிவினது. ஃபோர்டு தன் உறுப்புகளின் மீதும் போல்ட்டுகளின் தலைகளிலும்கூட 'எஃப்' என்னும் எழுத்தைப் பொறித்தது. உருண்டைச் சட்டத்தின்மேல் 'எஃப்' பொறித்த போல்ட்டுகள் நிறைந்திருந்தால், அந்த வண்டி பலவற்றின் சேர்க்கை என்பதை அதுவே சொல்லிவிடுகிறது.

எண்களில் இன்னொரு நுட்பம் உண்டு. ஃபோர்டு வண்டியில் எஞ்சின் எண்ணே அடிச்சட்டத்தின் இடப்புற முன்பகுதியிலும் பொறிக்கப்பட்டது. ஆலையிலிருந்து வெளிவந்தபோது இரண்டும் ஒன்றே. வில்லிஸ் வண்டியில் வண்டி எண் சட்டத்தின் உட்புறத்தில் ரிவெட் அடித்த சிறு தகட்டில் இருக்கும்; எஞ்சின் எண் அதனின்றும் வேறுபடும். எனவே 'எண்கள் இரண்டும் பொருந்துகின்றன' என்று பெருமையோடு விற்கப்படும் வில்லிஸ், அந்தப் பெருமையாலேயே ஐயத்துக்குரியதாகிறது. படைப்பட்டறைகளில் எஞ்சின்கள் தாராளமாக மாற்றப்பட்டன என்பதால், ஃபோர்டிலும் பொருந்தாமை குற்றமன்று. பொருத்தம் மிகையாக இருப்பதே சில வேளைகளில் குற்றத்தின் தடயம். எண்ணைச் சுற்றி அரைத்துத் தேய்த்த தடம், எழுத்துகளின் உயரத்திலும் ஆழத்திலும் வேறுபாடு, பழைய துருவின் நடுவே பளபளக்கும் புதிய ரிவெட் ஆகியவற்றைப் பார்க்கக் கைவிளக்கும் பொறுமையும் போதும். கருவிப்பலகையின் அறிவிப்புத் தகடுகளில் வண்டி ஒப்படைக்கப்பட்ட நாள் பொறிக்கப்பட்டிருக்கும். ஆனால் அத்தகடுகளின் நகல்கள் கடைகளில் கிடைக்கின்றன என்பதால் அவை தனிச்சான்று ஆகா.

தகட்டின் நிலையை அறியும் முறைகள் இன்னும் எளியவை. துருவை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைப்பது செலவும் நேரமும் பிடிக்கும் டிங்கரிங் வேலை. துருவின் மேலேயே பட்டி பூசித் தேய்த்து வண்ணம் அடிப்பது ஓரிரு நாள் வேலை. இரும்புத் தகட்டில் ஒட்டும் காந்தம், தடித்த பட்டியின் மேல் ஒட்டாமல் நழுவும். விரலால் தட்டினால் தகடு ஒலிக்கும். பட்டி மந்தமாகப் பதில் சொல்லும். அடிச்சட்டம் முழுவதும் அண்மையில் தார் பூசப்பட்டிருந்தால், அது காப்பதற்காகப் பூசியதா மறைப்பதற்காகப் பூசியதா என்று கேட்டாக வேண்டும். ஓட்டுநர் இருக்கையின் கீழ் எரிபொருள் தொட்டி அமரும் பள்ளம், நீர் தங்கித் துருப்பிடிக்கும் இடம். மேலே கண்ணாடிபோல் மின்னும் வண்டியின் உண்மை அந்தப் பள்ளத்தில் தெரிந்துவிடும்.

காந்தச் சோதனை எல்லா வண்டிக்கும் பொருந்தாது. 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான லேண்ட் ரோவர், ஜீப்பைப் பார்த்து உருவானது. அதன் முதல் மாதிரி ஜீப்பின் சட்டத்தின் மேலேயே கட்டப்பட்டது. சக்கர இடைவெளியும் அதே 80 அங்குலம். ஆனால் போருக்குப்பின் பிரிட்டனில் எஃகுக்குத் தட்டுப்பாடு நிலவியதால், உடல் அலுமினியக் கலவையில் அமைந்தது. அதன் பக்கத் தகட்டில் காந்தம் ஒட்டினால்தான் ஐயப்பட வேண்டும். அலுமினிய உடல் துருப்பிடிக்காது என்னும் நம்பிக்கையில் வாங்குவோர், எஃகாலான அடிச்சட்டத்தையும் எஞ்சினுக்கும் ஓட்டுநருக்கும் இடைப்பட்ட தடுப்பையும் பார்க்கத் தவறுகின்றனர். அலுமினியமும் எஃகும் தொடும் இடங்களில் தோன்றும் வெண்பொடி, உள்ளே அரிப்பு நடப்பதன் அடையாளம்.

லேண்ட் ரோவரின் முதல் வரிசை வண்டிகளை இன்றும் உழைக்கும் நிலையில் காணக்கூடிய இடம் டார்ஜிலிங் மலைப்பகுதியின் மானேபஞ்ஜாங். அங்கிருந்து 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்பூவுக்குச் செல்லும் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் மலைப்பாதையில், 1950-களின் வண்டிகள் பயணிகளையும் சரக்கையும் சுமந்து வந்துள்ளன. தேயிலைத் தோட்டக்காரர்களின் காலத்தில் வந்து, உள்ளூர்க் குடும்பங்களின் கைக்கு மாறியவை அவை. பலவற்றில் பழைய எஞ்சின் இல்லை. மகிந்திரா டீசல் எஞ்சின் துடிக்கிறது. சேகரிப்பாளரின் அளவுகோலில் இது குறை. ஆனால் அந்த எஞ்சின் மாற்றம் நிகழாதிருந்தால், உதிரிப்பாகம் கிடைக்காத வண்டி என்றோ இரும்புக்கடைக்குப் போயிருக்கும். மாற்றமே அங்கே பாதுகாப்பு. அந்த மாற்றத்தை எவரும் மறைக்கவும் இல்லை.

ஹரியானாவின் சிர்சா மாவட்டத்தில், பஞ்சாப் எல்லையை ஒட்டிய மண்டி டப்வாலி இன்னொரு வகைச் சான்று. படை ஏலத்தில் எடுத்த வண்டிகளையும் உறுப்புகளையும் கொண்டு புதிய ஜீப்புகளைக் கட்டும் பட்டறைகளுக்குப் பெயர்பெற்ற ஊர் அது. அங்கு உருவாகும் குட்டையான திறந்த ஜீப்பைப் பஞ்சாபியில் 'லண்டி' என்பர். பஞ்சாபிலும் சிந்திலும் வணிகர் கணக்கெழுதப் பயன்படுத்திய எழுத்துமுறைகளுக்கு 'லண்டா' என்று பெயர். வாலற்றது என்பது அதன் பொருள். தேவையற்றதை நறுக்கி, கைக்கு விரைவாக வருவதை மட்டும் வைத்துக்கொண்ட எழுத்துக்கும், அதே முறையில் அமைந்த வண்டிக்கும் ஒரே வேர்ச்சொல் வாய்த்திருப்பது வெறும் தற்செயலன்று. நறுக்கிப் பயன்கொள்ளும் கைவினையை அம்மொழி பெயரிட்டுவைத்திருக்கும் முறை அது. லண்டி ஜீப் தன்னை வில்லிஸ் என்று சொல்லிக்கொள்ளாதவரை அது பொய் அன்று. வட்டாரத் தொழில்மரபின் நேர்மையான படைப்பு. அதன்மேல் போலித் தகட்டை ரிவெட் அடிக்கும் கணத்தில்தான் பொய் தொடங்குகிறது.

சட்டம் இவ்விரண்டையும் பிரித்தறியப் போதுமான நுட்பம் கொண்டதாக இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் தந்த அடிப்படை அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. சாலைப் பாதுகாப்பின் நோக்கில் இத்தடைக்கு நியாயம் உண்டு. 2021-இல் மத்திய அரசு தொன்மை வண்டிகளுக்கெனத் தனிப்பதிவு முறையை ஏற்படுத்தியது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்து, மூல வடிவில் பேணப்பட்டு, அடிச்சட்டத்திலோ உடலிலோ எஞ்சினிலோ பெருமாற்றம் செய்யப்படாத வண்டிகளுக்கு 'வி.ஏ.' என்னும் எழுத்துகளோடு எண் வழங்கப்படும். கட்டணம் 20,000 ரூபாய். பதிவு பத்தாண்டுகளுக்குச் செல்லும். இறக்குமதியிலும், மூன்றாண்டுகளுக்கு மேற்பட்ட பழைய வண்டிகளைத் தடுத்த விதிகள், 1950-க்கு முன் உருவான தொன்மை வண்டிகளுக்கு நெடுங்காலம் விலக்களித்தன.

இவ்விதிகளின் நோக்கம் தொன்மையைக் காப்பது. ஆனால் அவை மாறாமையை மட்டுமே தொன்மை என்று வரையறுக்கின்றன. இந்தியாவில் எண்பது ஆண்டுகள் உழைத்த ஒரு வண்டி மாறாமல் இருந்திருக்க இயலாது. ஆகவே உண்மையான வரலாற்றைச் சொல்லும் உரிமையாளர் தகுதி இழக்கும் நிலையிலும், அதை அழித்து ஆலையின் புதுத்தோற்றத்தை மீண்டும் புனைபவர் தகுதி பெறும் நிலையிலும் நிற்கின்றனர். ஆண்டுக் கணக்கு ஒன்றே வாயிற்கதவானால், ஆண்டைப் பொறித்த தகட்டுக்கு விலை ஏறுவதில் வியப்பில்லை. பதிவுப் புத்தகத்தில் உள்ள எண்ணும் சட்டத்தில் உள்ள எண்ணும் முரண்படும் வண்டியை அறியாமல் வாங்கியவர், சேமிப்பை இழப்பதோடு வழக்கையும் விலைக்கு வாங்கியவராகிறார்.

தமிழ்ப் பதிப்பு வரலாற்றை அறிந்தோருக்கு இச்சிக்கல் புதிதன்று. ஏட்டுச்சுவடியைப் பதிப்பிக்கும் அறிஞர், செல்லரித்த இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டுவார். பாடபேதங்களை அடிக்குறிப்பில் தருவார். தாம் ஊகித்ததை ஊகம் என்றே குறிப்பார். விடுபட்ட அடியைத் தாமே இயற்றிச் சேர்த்து மூலம் என்று அச்சிட்டால், அதற்கு இடைச்செருகல் என்று பெயர். அடி எவ்வளவு அழகாக இருந்தாலும் பெயர் மாறாது. வண்டியிலும் இதே வேறுபாடுதான் நல்ல மீட்டெடுப்பையும் மோசமான மீட்டெடுப்பையும் பிரிக்கிறது. எந்தத் தகடு புதியது, எந்த எஞ்சின் எங்கிருந்து வந்தது, எந்த ஆண்டில் எந்தப் பட்டறையில் எது மாற்றப்பட்டது என்று படங்களோடும் ரசீதுகளோடும் பதிந்துவைக்கும் உரிமையாளர், பதிப்பாசிரியரின் பணியைச் செய்கிறார். பிரித்தபோது எடுத்த படங்களைக் காட்ட மறுத்து, முடிந்த வண்ணத்தை மட்டும் காட்டும் விற்பனையாளரிடம் வாங்குவோர் எச்சரிக்கையாக இருப்பது நலம்.

இறுதியாக அந்த வெள்ளை நட்சத்திரம். இந்தியாவில் புதுப்பிக்கப்படும் ஜீப்புகள் பலவும் நார்மண்டியில் இறங்கிய அமெரிக்க வண்டிகளின் தோற்றத்தையே பெறுகின்றன. திரைப்படங்கள் உலகுக்குக் கற்பித்த தோற்றம் அது. சட்டமும் எஞ்சினும் உண்மையிலேயே 1944-ஆம் ஆண்டினவாக இருந்தாலும், லேடோ சாலையிலோ இம்பால் சேற்றிலோ ஓடி, ஏலத்தில் விலைபோய், ஒரு ஜமீன்தாரிடமோ ஒப்பந்தக்காரரிடமோ அரசு அலுவலகத்திலோ முப்பது ஆண்டுகள் உழைத்து, பெயர் பதியப்படாத பல மெக்கானிக்குகளின் கைகளால் உயிர்பிழைத்த ஒரு வண்டிக்கு, அது போகாத கடற்கரையின் அடையாளத்தைச் சூட்டுவதும் ஒரு பொய்ப் புதுப்பிப்பே. காந்தத்தால் அதைக் கண்டுபிடிக்க முடியாது. பச்சை வண்ணத்தை மெல்லச் சுரண்டினால், அதன் அடியில் ஒரு பொதுப்பணித்துறையின் சாம்பல் நிறமோ ஒரு தோட்டத்தின் பெயரெழுத்தோ தெரியக்கூடும். அதை மீண்டும் மூடுவதா, சட்டமிட்டுக் காப்பதா என்னும் தெரிவில்தான் அந்த வண்டி வரலாற்றுச் சான்றாவதும் வெறும் அலங்காரப் பொருளாவதும் அமைகிறது. 1948-இல் வண்ணத்தை மட்டும் பார்த்துப் பணம் கொடுப்பதன் விலை என்ன என்பதை இந்நாடு ஒருமுறை கற்றது. அந்தப் பாடத்தை வண்டிகளுக்கு அப்பாலும் நினைவில் வைத்திருப்பது வரலாறு பயில்வோரின் கடமை.